மந்திரிக்குச் சத்தம் ஆகாது

என் பேச்சைக் கேட்பதற்கு இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு செய்தேன். மனைவி கேட்பதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகளும் கேட்பதில்லை. போன் செய்தால், "அப்பா, போனை வாய்லேர்ந்து கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்கிறாள். இனி ஒரு நாய் வளர்த்தால்தான் உண்டு.

என் குரலைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. நான் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவன். ஒரு பக்கம் லாரி ரிவர்ஸில் வரும். ஒரு பக்கம் தள்ளுவண்டிக்காரர்கள் சண்டை போடுவார்கள். நடுவில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, கடைசி வரிசையில் காது குடைந்துகொண்டிருப்பவனுக்கும் தக்காளி விலை போய்ச் சேர வேண்டும். ஒருமுறை மைக் கொடுத்தார்கள். மைக்கால் தாங்க முடியவில்லை.

வாங்குகிறவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லாம் விரல்தான். இரண்டு விரல், மூன்று விரல், மடக்கிய விரல், எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. கடைசியில் நான் கையை உயர்த்தி முஷ்டியை மூடினால் ஏலம் முடிந்தது. அதற்குப் பிறகு எப்பேர்ப்பட்ட வியாபாரியும் பேசக்கூடாது, இடத்தைப் பார்த்து உட்கார வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட முஷ்டிக்கு வீட்டில் மரியாதை இல்லை. எந்தத் தகராறு வந்தாலும் சத்தத்தில் நான்தான் ஜெயிப்பேன். ஜெயித்த பிறகு அவள் சொன்னதுதான் நடக்கும். என் மனைவிக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நாள் முழுக்க எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் என்னை மட்டும் மூடச் சொல்வாள். மேல் வீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நாலு வருஷமாக இருக்கிறார். மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "உங்க மகளுக்கு ராத்திரி வேலை வேண்டாம்னு போன்ல சொன்னீங்க பாருங்க, எனக்கும் அதான் சரின்னு படுது" என்பார். நான் அவரிடம் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது.

"நாய் வளர்க்கப் போறேன்," என்றேன் மனைவியிடம்.

"காப்பகத்தில எத்தனையோ நாய் கிடக்கு. அங்கேயே போய்த் தத்து எடுக்கலாம். யார் பார்த்துக்கறது?"

"நான்தான்."

"குளிப்பாட்டறது?"

"நான்தான்."

"சொன்ன பேச்சு கேக்கலைன்னா?"

"என் குரலுக்குக் கட்டுப்படாத ஜீவன் உலகத்தில உண்டா?"

"ஒண்ணு இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் செருப்பு மாட்டிக்கொண்டாள்.

காப்பகம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள். கழுவிவிட்ட தரையில் பினாயில் வாசனை. ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மா வரவேற்றார். நான் "வணக்கம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முதல் கூண்டு நாய் பலகைக்கு அடியில் புகுந்துகொண்டது. இரண்டாவது குரைத்தது. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்துகொண்டன. பக்கத்துக் கொட்டகையில் பூனைகள் வேறு ஆரம்பித்தன.

"மெதுவா பேசுங்களேன்," என்றாள் மனைவி.

"மெதுவாத்தானே பேசறேன்," என்று நான் சொன்னதில் இன்னும் நான்கு நாய்கள் எழுந்தன.

கடைசிக் கூண்டில் மட்டும் ஒரு செம்பழுப்பு நாய். நெஞ்சில் வெள்ளைத் திட்டு. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுவரில் ஊரும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "டேய்" என்றேன், சந்தையில் கடைசி வரிசைக்குச் சொல்கிற மாதிரி. கொட்டகையே அலறியது. அது அசையவில்லை. பல்லி ஓடிவிட்டது. பிறகு தற்செயலாகத் திரும்பி, என்னைக் கண்டு, காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்துவிட்டு, நிதானமாக வாலை ஆட்டியது.

"இதுதான்," என்றேன். "பார்த்தியா? என் குரலுக்கு ஒரு மயிர்கூட ஆடலை. என்ன ஒரு நெஞ்சுரம்."

பூட்ஸ் அம்மா, "சார், அதப்பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துச் சந்தையிலிருந்து போன். வெங்காய லாரி ஒன்று தவறான வாசலில் போய் நின்றுவிட்டதாம். நான் வெளியே போய் லாரியை வாசல் மாற்றி நிறுத்தினேன். போன் இல்லாமலே அந்த டிரைவருக்குக் கேட்டிருக்கும். திரும்பி வந்தபோது அந்த அம்மா சொல்லி முடித்திருந்தார். என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணத்தன்றுகூட அதை நான் பார்த்ததில்லை.

"என்ன சொன்னாங்க?"

"வண்டியில சொல்றேன். நீங்க முதல்ல அதைத் தூக்கிட்டு வாங்க."

வண்டியில் சொன்னாள். "பாவங்க இது. முன்னாடி இருந்த வீட்டில எப்பப் பாரு ஒரே கத்தலாம். மனுஷக் குரல் கொஞ்சம் ஏறினாலே இதுக்கு நெஞ்சு பதறுமாம்."

"நான் அங்க கத்தினப்ப ஒண்ணும் ஆகலையே?"

"பயத்தில உறைஞ்சு போயிருந்துச்சு. நீங்க அதைப் போய் நெஞ்சுரம்னு நினைச்சுட்டீங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இப்ப என்ன பண்றது?"

"மெதுவா பேசணும். கொஞ்ச நாள் கழிச்சு அந்தம்மா வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. மிரண்டு போய்க் கிடந்தா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். இப்பவே திருப்பிக் கொடுத்துடலாமா, சொல்லுங்க. உங்களால முடியாதுன்னா தப்பில்லை."

அப்போது பின்சீட்டிலிருந்து அது முகவாயை என் தோள்மேல் வைத்தது. கனமாக, ஈரமாக, இனி இது தன்னுடைய தோள் என்கிற உரிமையோடு வைத்தது. என் மகள் குழந்தையாக இருந்தபோது அப்படித்தான் வைப்பாள். எனக்கு அங்கேயே முடிந்துபோயிற்று.

"முடியும்," என்றேன் கிசுகிசுப்பாக. என் வாயிலிருந்து அப்படி ஒரு ஒலி வரும் என்று எனக்கே தெரியாது.

மந்திரி என்று பெயர் வைத்தேன். மனைவி யோசித்துவிட்டு, "பொருத்தமான பேருதான்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அன்று முதல் என் வீட்டில் என் குரலுக்குத் தடை. சந்தையில் கர்ஜித்துவிட்டு வருவேன். வாசலில் செருப்போடு சேர்த்துக் குரலையும் கழற்றி வைக்க வேண்டும். டிவியில் மேட்ச் ஓடும், சத்தம் இருக்காது. சிக்ஸர் அடித்தால் தலையணையைக் கடித்துக்கொள்வேன். போன் வந்தால் கீழே இறங்கித் தெருமுனைக்குப் போய்ப் பேச வேண்டும். போகப்போக அந்தத் தெருமுனையில் இருப்பவர்கள் என்னைக் கண்டால் கடையைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

"குறட்டையும் குரல்தானே?" என்றாள் ஒருநாள்.

"அது தூக்கத்தில வர்றது. நான் என்ன பண்ண முடியும்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ஹால்ல படுத்துக்குங்க. மந்திரி உள்ள படுக்கட்டும்."

ஹாலில் படுத்தேன். மந்திரி கட்டிலில் என் இடத்தில் படுத்தது. அதன் குறட்டை ஹால்வரை கேட்டது. அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று நினைக்காதீர்கள். ஒருநாள் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மந்திரி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"மிக்ஸிக்கு மட்டும் பயம் இல்லையா?" என்றேன், நாகரிகமான கிசுகிசுப்பில்.

"மிஷின் சத்தம் பழகிடுச்சுங்க. மனுஷக் குரல்தான் ஆகாது. அதிலேயும் ஆம்பளைக் குரல்."

இதற்கு மேல் வாதாட வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டும். சத்தம் இல்லாமல் சண்டை போட்டால் நம் பக்கம் நியாயம் வேண்டியிருக்கிறது. அத்தனை வருஷம் எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. கிசுகிசுப்பில் நடந்த எல்லாத் தகராறிலும் தோற்றேன். ஹால் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் வந்தது இப்படித்தான். என் சாய்வு நாற்காலி மொட்டைமாடிக்குப் போனதும் இப்படித்தான்.

மந்திரியைக் கூப்பிடுவதுதான் பெரும்பாடு. பின்னாலிருந்து "மந்திரி" என்பேன். திரும்பாது.

"சத்தம் ஜாஸ்தி," என்பாள் மனைவி, நகத்தை வெட்டிக்கொண்டே. "இன்னும் மெதுவா."

இன்னும் மெதுவாகக் கூப்பிடுவேன். திரும்பாது. இன்னும் மெதுவாக. கடைசியில் அதற்கு முன்னால் போய் மண்டியிட்டு, ஒலியே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். பாய்ந்து வந்து மூக்கை நக்கியது.

"பார்த்தீங்களா? அந்த அளவுதான் அதுக்குத் தாங்கும்," என்றாள்.

பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. சந்தையின் விரல் பாஷை. இரண்டு விரல் காட்டினால் வா. உள்ளங்கையைக் காட்டினால் நில். முஷ்டியை மூடினால் உட்கார். மந்திரி அதைக் கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். என் வியாபாரிகளில் பாதிப் பேருக்கு அவ்வளவு கூர்மை கிடையாது. உலகத்திலேயே விரலால் நாயைப் பழக்கிய முதல் ஆள் நான்தான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. பெருமையில் என்று நினைத்துக்கொண்டேன்.

நிஜத்தைச் சொன்னால் அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. நான் பேசுவது எட்டாததால் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது, அதற்கப்புறம் இப்போதுதான். பல் டாக்டர் நடுக்கத்தோடு ஊசி போடுவாராம், பாதி நாள் இவள்தான் அவர் கையைப் பிடித்துக்கொள்வாளாம். இத்தனை வருஷமாக எனக்கு அது தெரியாது. அவள் இல்லாத நேரத்தில் அவளைப் பற்றிய என் குறைகளையெல்லாம் மந்திரியிடம் கிசுகிசுப்பேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு கடைசிவரை பொறுமையாக உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு துணை எனக்கு வாய்த்ததே இல்லை.

கட்டடத்தில் எல்லோருக்கும் மந்திரி செல்லம். கணக்கு வாத்தியார் ஒரு மெத்தையே வாங்கி வந்தார். "எத்தனையோ நாய் பார்த்திருக்கேன் சார். இது நாலு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்," என்று சொல்லி அதன் தலையைத் தடவினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பிறகு காப்பகத்து அம்மா வரும் நாள் வந்தது. காலையிலேயே எழுந்து மந்திரியைக் குளிப்பாட்டித் துவட்டிவிட்டேன். அது எங்கேயாவது மிரண்டு ஒடுங்கினால் கூட்டிக்கொண்டு போய்விடுவாரே. இந்தத் தோளில் இனி யார் முகவாயை வைப்பது?

அவர் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் சாதாரணச் செருப்பில் வந்திருந்தார். மனைவி காபி போடச் சமையலறைக்குள் போனாள். நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, என் மிகச் சிறந்த கிசுகிசுப்பில், "வாங்கம்மா, உக்காருங்க. மந்திரி ரொம்பச் சந்தோஷமா இருக்கு" என்றேன்.

"தொண்டை சரியில்லையா சார்?"

"இல்லைம்மா. நாய் பயந்துடும்னுதான்."

"எதுக்குப் பயந்துடும்?"

"சத்தத்துக்கு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். மந்திரி எனக்கு முதுகைக் காட்டி, சுவரோரம் போகும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், அதுக்குப் பிறவியிலேயே காது கேக்காதே. அதனாலதானே யாருமே எடுக்காம இருந்துச்சு. அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்ட எல்லாம் விளக்கமா சொன்னேனே. நீங்க போன்ல இருந்தீங்க."

மிக்ஸி ஞாபகம் வந்தது. தலையணை ஞாபகம் வந்தது. மொட்டைமாடியில் மழையில் நனையும் சாய்வு நாற்காலி ஞாபகம் வந்தது. எழுந்து நின்றேன். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த மொத்தக் குரலும் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"என்னடி நெனச்சுட்டிருக்கே நீ?"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேல் வீட்டில் ஏதோ தட்டு விழுந்து உருண்டது. அதைத் தொடர்ந்து கணக்கு வாத்தியாரின் குரல் ஜன்னல் வழியாகப் பணிவாக இறங்கி வந்தது. "சார், மந்திரிக்குச் சத்தம் ஆகாது."

மந்திரி இன்னும் எறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி காபித் தட்டோடு வந்தாள். அவசரமே இல்லை. அந்த அம்மாவுக்கு ஒரு கோப்பை கொடுத்தாள். தட்டை மேஜைமேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இது அநியாயம்," என்றேன். "நாய்க்குக் காது கேக்காதுன்னு உனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியுமே," என்றாள். "நாய்க்குத்தான் கேக்காது. எனக்குக் கேக்குதுங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காபி வாசனைக்கு மந்திரி அவள் பக்கம் திரும்பியது. அவள் கையை உயர்த்தி, என் கண்ணைப் பார்த்தபடி, முஷ்டியை மூடினாள்.

மந்திரி உட்கார்ந்தது. அதற்கு முன்னாலேயே நான் உட்கார்ந்துவிட்டிருந்தேன்.