பின்னணியில் ஒரு பள்ளம்

தெரு என்று ஒன்று இருந்தால் அதில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் அதை மூட ஓர் அலுவலகம் இருக்கும். அலுவலகம் இருந்தால், மூடிவிட்டதற்கு அத்தாட்சியாக ஒரு புகைப்படம் கேட்கும். நம் போட்டோக்காரர் இந்தக் கதைக்குள் வந்து விழுந்தது இந்த வழியாகத்தான். மற்றபடி அவர் யார் வம்புதும்புக்கும் போகாத மனிதர்.

அவருடைய ஸ்டூடியோ வாசலை அடைத்துக்கொண்டு பள்ளம் கிடந்தது. குழாய் பதிக்கத் தோண்டியது. குழாய் வந்தபாடில்லை, தண்ணீர் மட்டும் எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்து நிரம்பிவிட்டது. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் எல்லார் முகத்திலும் தப்பித்து வந்த களை இருக்கும். அதைச் சிரிப்பாக மாற்றுவதற்குள் போட்டோக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் ஒரு மோகம் கிளம்பியது. முன்னால் நிற்கிறவர் மட்டும் பளிச்சென்று இருக்கவேண்டும். பின்னால் இருப்பதெல்லாம் பாலில் கரைத்தாற்போல் மங்கிப் போகவேண்டும். கைபேசியிலேயே அது வந்துவிட்டது. கைபேசியில் வருவது ஸ்டூடியோவில் வராவிட்டால் ஸ்டூடியோ எதற்கு? வீட்டுக்காரியின் வளையல்கள் ஒரு நாள் கடைவீதிக்குப் போய், பூசணிக்காய் பருமனில் லென்ஸாகத் திரும்பி வந்தன.

லென்ஸின் முதல் வேலை ஒரு கல்யாணம். அது எவ்வளவு நுணுக்கமான லென்ஸ் என்றால், மணப்பெண்ணின் கண்ணிமை பளிச்சென்று விழுந்தது. ஒரு சாண் தள்ளி நின்ற மாப்பிள்ளை ஆவியாகிவிட்டார்.

"பையன் எங்கேய்யா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இருக்கார் சார். கொஞ்சம் மங்கலா இருக்கார்."

போட்டோக்காரரின் மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள். "சரிதான். கல்யாணமாகி நாலு வருஷம் கழிச்சு ஆகவேண்டியது மேடையிலேயே ஆயிடுச்சு."

இந்த நிலையில்தான் சாலைப் பராமரிப்பு அலுவலகத்தின் அதிகாரி வந்தார். பள்ளத்தை மூடியதாகக் கணக்கு முடித்தாகிவிட்டது; படம் ஒன்றுதான் பாக்கி. தெருவின் எதிர்ப்பக்கம் கேமரா நின்றது. நடுவில் அதிகாரி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பள்ளம். பள்ளத்துக்குப் பின்னால் ஸ்டூடியோ. போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் லென்ஸை முழுசாகத் திறந்து ஒன்று தட்டினார்.

கேமராவின் சின்னத் திரையை அதிகாரி வெகுநேரம் பார்த்தார். அவருடைய மீசை மயிரை எண்ணலாம். பின்னால் விடிகாலைப் பனி மாதிரி ஏதோ ஒன்று.

"பள்ளம் எங்கேப்பா?"

"மங்கிடுச்சு சார்."

"மங்கிடுச்சா, மூடிடுச்சா?"

"படத்துல ரெண்டும் ஒண்ணுதான் சார்."

அதிகாரியின் கண்கள் கலங்கின. "இதைத்தாம்பா இத்தனை வருஷமாத் தேடிக்கிட்டிருந்தேன்."

அந்த வாரமே சுற்றறிக்கை கிளம்பியது: 'பணி நிறைவுப் படத்தில் தெளிவாகத் தெரியாத எதுவும் இல்லாததாகவே கருதப்படும்.' நாட்டில் அதன்பின் குறையே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் நின்றார், நோயாளிகள் மங்கினார்கள், நோய் ஒழிந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் நின்றார். ஒழுகும் கூரை வானவில்லானது. போட்டோக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. மனைவிக்கு மட்டும் சந்தேகம். "என்னங்க, எல்லாத்தையும் இப்படி இல்லாம பண்ணிக்கிட்டே போறீங்களே, நம்மளை விட்டுவைப்பாங்களா?"

விட்டுவைக்கவில்லை. ஒரு மத்தியானம் மின்சாரம் போயிற்று. ஆளுயரப் படம் ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. மணப்பெண் மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். வெளியே கம்பத்தில் ஓர் ஆள் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இல்லாத கடைக்கு மின்சாரம் தருவதில்லை என்று சாலை அலுவலகத்தின் உத்தரவாம்.

போட்டோக்காரர் அலுவலகத்துக்கு ஓடினார். அதிகாரி தம்முடைய படத்தையே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல உங்க கடையைக் காட்டுங்க."

"உங்க தோளுக்குப் பின்னாடி நீலமாக் கரைஞ்சிருக்கே சார், அதுதான் என் போர்டு."

"நீலமாக் கரைஞ்சிருக்கிறதுக்கெல்லாம் மின் இணைப்பு தர விதியில இடமில்லை."

"அன்னைக்கு என் கடை டீயைக் குடிச்சுட்டுத்தானே சார் போனீங்க!"

"மனுஷனாக் குடிச்சேன். அதிகாரியாக் குடிக்கலை."

போட்டோக்காரர் விடவில்லை. லென்ஸின் திறப்பை ஊசிமுனையாகச் சுருக்கி, முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒன்றுவிடாமல் எல்லாம் தெளிவாக விழும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். பள்ளத்தில் மிதந்த ஒற்றைச் செருப்பின் வார்கூட அதில் தெரிந்தது. அதிகாரி பாம்பைப் பார்த்த மாதிரி படத்தைக் கவிழ்த்துவிட்டார்.

"கடை உண்டுதான். பள்ளமும் உண்டே? நான் மூடின பள்ளம் மறுபடி உண்டுன்னா, இந்த நாற்காலியில நான் உண்டா?"

"கடையில ஃபோகஸ் வெச்சாப் பள்ளம் மங்கிடும் சார்."

"நான்?"

"பழைய இடத்துல நின்னா நீங்களும் மங்கிடுவீங்க."

"அதிகாரி இல்லாத படம் செல்லாது. போய் வாங்க."

போட்டோக்காரர் தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்ட மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தக்கூட இல்லை. "அந்த ஆளைக் கொண்டுவந்து நம்ம வாசப்படியிலேயே நிக்க வைங்களேன். கடையும் அவரும் ஒரே தூரத்துல இருப்பாங்கல்ல?"

யோசனை அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாள் சலவைச் சட்டையோடு வந்து இறங்கினார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. போட்டோக்காரர் எதிர்ப்பக்கம் கேமராவோடு தயாரானார். அந்தத் தெருத் தையல்காரர் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பலகை போடட்டுமா சார்?"

"எதுக்கு?"

"பள்ளத்துக்கு சார்."

"எந்தப் பள்ளம்?"

தையல்காரர் பலகையைத் தோளிலேயே வைத்துக்கொண்டார். அதிகாரி சுவரோரம் நண்டு நடை நடக்கவும் முடியாது. அது பள்ளத்துக்குக் காட்டும் மரியாதையாகிவிடும். அவர் சட்டையைச் சரிசெய்தார். தலையை நிமிர்த்தினார். தாம் போட்ட கையெழுத்தின்மேல் நம்பிக்கை வைத்து நேராக நடந்த ஒரே அதிகாரியை அன்றுதான் அந்தத் தெரு பார்த்தது.

தொப்பென்று சத்தம். தண்ணீர் மார்பளவு இருந்தது.

அடுத்த கணம் கொண்டாட்டம். எத்தனை மனு, எத்தனை முறையீடு! இதோ, பள்ளமும் அதை மூடியவரும் ஒரே இடத்தில்! "விடாதே, எடு போட்டோவை!" என்று கத்தினார் தையல்காரர். கைபேசிகள் நாலாபக்கமும் முளைத்தன.

"யாராவது கையைக் கொடுங்கய்யா!"

"கொஞ்சம் இருங்க சார், இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

போட்டோக்காரர் லென்ஸ் வளையத்தை அதிகாரியின் முகத்துக்குத் திருகினார். சேறு வழியும் மீசை துல்லியமாக வந்தது. இந்த ஒரு படம் போதும், பள்ளம் நாளைக்கே மூடப்படும். ஆனால் கடை கரைந்துவிடும். மூக்கோடு நிற்கும் மணப்பெண் அப்படியே நிற்பாள். இத்தனை பேர் எடுக்கிறார்களே, பள்ளத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளமாட்டார்களா? வளையத்தைக் கடைக்குத் திருப்பினார். தட்டினார்.

கரையேற்றியதும் அதிகாரி சொட்டச் சொட்ட வந்து திரையில் குனிந்தார். போர்டின் எழுத்து ஒவ்வொன்றும் பளிச். முன்னால் பழுப்பாக ஒரு கரைசல்.

"இதுல பள்ளம்?"

"இல்லை சார்."

"நான் விழுந்தது?"

"அதுவும் இல்லை சார்."

"நான்?"

"நீங்களும் இல்லை சார்."

"அதிகாரி இல்லாமலும் சில படங்கள் செல்லும்" என்று அதிகாரி அந்த இடத்திலேயே விதியைத் திருத்தி, ஈரக் கையால் உத்தரவு போட்டார். சாயங்காலமே மின்சாரம் வந்தது. மணப்பெண்ணுக்கு வாயும் வந்தது.

தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கைபேசிகளோடு மேலதிகாரியிடம் படையெடுத்தார்கள். அவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான் சார்" என்றார் தையல்காரர்.

"இது?"

"அது நான் சார்" என்றாள் பால்காரி.

எல்லாரும் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை நீட்டித் தங்களைத் தாங்களே எடுத்திருந்தார்கள். எல்லா முகமும் தெளிவு. எல்லா முகத்துக்கும் பின்னால் மங்கலாக ஒரு பழுப்பு. மேலதிகாரி அங்கேயே எழுதினார்: 'பள்ளம் எதுவும் புலப்படவில்லை. பொதுமக்கள் மகிழ்ச்சியாக இருப்பது மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.'

திரும்பி வந்த தையல்காரர் நண்டு நடை நடந்து ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்.

"மச்சான், என் மூஞ்சி இவ்வளவு நல்லா இதுவரைக்கும் வந்ததே இல்லை. பெரிசா போட்டு, சட்டம் மாட்டிக் கொடு."

போட்டோக்காரர் படத்தைக் கணினியில் ஏற்றிப் பார்த்தார். "பின்னாடி பழுப்பா அசிங்கமா இருக்கே. வெட்டிடட்டுமா?"

"ஐயையோ, அதுல கை வெச்சிடாதே" என்று பதறினார் தையல்காரர். "அதுதானே எஃபெக்ட்!"