அக்கா ‘மற்றவர்’ ஆன விவரம்

பேரன்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

அலமாரியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்ததற்காக நீ ‘பூட்டு’ என்று பெயர் வைத்த தம்பி எழுதுவது. இவ்விடம் நானும் என் மனைவியும் சர்வர் கம்ப்யூட்டரும் சுகம். அவ்விடம் நீ, மாமா, உன் மாமியார், உன் வீட்டுச் சர்வர் நால்வரும் அவ்விதமே இருக்க விரும்புகிறேன். நீ போனை எடுப்பதில்லை. மாமாவுக்குப் போட்டால், “பக்கத்துலதான் இருக்கா, ஆனா இல்லேன்னு சொல்லச் சொன்னா” என்கிறார். வேறு வழியில்லாமல் இதை நம் மென்பொருள் கோப்புகளை வைத்து நாம் இருவரும் வேலை செய்யும் களஞ்சியத்திலேயே போடுகிறேன். என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், காலையில் பல் துலக்கியதும் நீ திறந்து பார்ப்பது அதைத்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாம் எழுதும் லிஃப்ட் மென்பொருள் என் மாடியறைச் சர்வரில் இருக்கிறது, அதன் பிரதி மணிக்கொரு தரம் உன் வீட்டுக்கு ஓடி வருகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு, இரண்டிலும் சேராதவர்களுக்குப் பெயர் ‘மற்றவர்’. உரிமையாளரும் குழுவில் இருப்பவரும் எழுதலாம், மற்றவர் வேடிக்கை பார்க்கலாம். போன வாரம் எனக்கு ஒரு நல்லெண்ணம் வந்து தொலைத்தது. முக்கால்வாசி நீ எழுதியது, எல்லாம் என் பெயரில் இருப்பது எந்த ஊர் நியாயம் என்று நினைத்து, ஒரே கட்டளையில் அத்தனை கோப்புகளையும் உனக்கு உரிமையாக்கினேன். அக்கா ஒருத்தி போதாதா, குழு எதற்கு என்று நாம் இருவரும் இருந்த குழுவையும் கலைத்தேன். மனைவியிடம் பெருமையாகச் சொன்னால், “கேட்டுட்டுச் செஞ்சீங்களா?” என்றாள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்றேன். ஆச்சரியமாகத்தான் இருந்தது. சர்வருக்கு உன் பெயர் தெரியாது அக்கா, எண்தான் தெரியும். என் சர்வரில் நீ ஆயிரத்து இரண்டு. கோப்புகள் எல்லாம் அந்த எண்ணைச் சுமந்துகொண்டு உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. உன் வீட்டுச் சர்வரில் ஆயிரத்து இரண்டு யார்? கல்யாணப் போட்டோ பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் மாமா கணக்குத் திறந்து கொடுத்தாரே, உன் மாமியார்.

நீ ஒரு வரியைத் திருத்தப் போனாய், அனுமதி இல்லை என்றது. பார்த்தால் நீ ‘மற்றவர்’. என்னைக் கூப்பிட்டு, “பொறந்த வீட்டுலயும் நான் மத்தவளாடா?” என்று கேட்டாய். நான் அப்போதே காலில் விழுந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, “டெக்னிக்கலா பார்த்தா ஆமாக்கா” என்றேன். அன்று போனை வைத்தவள்தான் நீ. மீதியை மாமா சொன்னார். லிஃப்டில் கால் வைக்கவே நடுங்கும் உன் மாமியார் இப்போது சர்வர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “எதை மாத்தணும்? ஏன் மாத்தணும்? முன்னாடி இருந்ததுக்கு என்ன குறைச்சல்?” என்று விசாரித்த பிறகே பாஸ்வேர்டு போடுகிறாராம். கூடத்துத் திரைச்சீலையைக்கூட உன்னை மாற்ற விடாத மனுஷி! அழுக்குத் துணி மாதிரி தொங்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருக்கிற அதிகாரம் போதாதென்று இதையும் நானே தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்று வயிறு எரிகிறது.

வரும் திங்கட்கிழமை பிரதியைத் துண்டித்துவிட்டுத் தனியாகப் போகப் போவதாகச் சொன்னாயாம். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இல்லாமல் அந்த லிஃப்ட் ஒரு மாடி ஏறாது அக்கா, நானும் ஏறமாட்டேன். உரிமையோடு கேட்கிறேன், கோபத்தை விடு. சர்வர் சொல்லும் உரிமை வேறு, நம் வீட்டு உரிமை வேறு. என் தட்டிலிருந்து எடுத்துத் தின்னவும் என் தலையில் குட்டவும் நீ யாரிடம் அனுமதி வாங்கினாய்? அது எந்த எண்ணிலும் எழுதி வைத்ததில்லை, எந்தக் கட்டளையும் அதை மாற்றாது. நீ எனக்கு ஒருநாளும் மற்றவள் இல்லை.

உன் வீட்டுச் சர்வரில் ஆயிரத்து இரண்டாம் எண்ணை உன் பெயருக்கு மாற்றும்படி மாமாவிடம் சொல்லிவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது அது முடிந்திருக்கும். இனி உன் மாமியாரிடம் எதற்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். இந்தக் கடிதம் நமக்குள் இருக்கட்டும் என்று, உரிமையாளர் மட்டுமே படிக்கலாம் எனப் பூட்டி, உன்னையே உரிமையாளராக்கி அனுப்புகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் மாமியாருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நீ மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும் என்று எப்போதும் வேண்டும்,
தம்பி பூட்டு

பின்குறிப்பு (தனிக் கோப்பு, எல்லோரும் படிக்கலாம்):

மாமா இப்போதுதான் கூப்பிட்டார். எண்ணை மாற்றப் போனாராம். தன் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கேட்டாராம். “முன்னாடி இருந்ததுக்கு என்ன குறைச்சல்?” என்றாராம். எண் அப்படியே இருக்கிறது. கடிதமோ அங்கே வந்து சேர்ந்துவிட்டது. இங்கே அழித்தாலும் அங்கே அழியாது. எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்று அப்படி அமைத்த புத்திசாலி நான்தான். ஆகவே அக்கா, உன்னிடம் நான் கேட்ட மன்னிப்பை உன் வீட்டில் படிக்கக்கூடியவர் உன் மாமியார் ஒருவரே. அவரிடம் போய் அனுமதி கேள்.

மரியாதைக்குரிய அத்தை, திங்கட்கிழமைக்குள் அந்தக் கடிதத்தின் நான்காவது பத்தியை மட்டும் அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மூன்றாவது பத்தியை யாருமே படிக்க வேண்டாம். திரைச்சீலை மிக நன்றாக இருக்கிறது.