திருகாணிக்கு நகப்பூச்சு

ஓடுகிற கணினியை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் உலகத்தில் ஒரு வகை. ஓடுகிற கணினியைப் பார்த்ததும் கண் கலங்கி, "ஐயோ பாவம், அடிமையா இல்ல ஓடிக்கிட்டிருக்கு!" என்று சட்டைப் பையில் திருப்புளியைத் தடவுகிறவர்கள் இன்னொரு வகை. வாசகர்களே, இந்த இரண்டாம் வகையை நாம் விடுதலையார் என்று அழைப்போம். ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒன்று சைக்கிள்மேல் விழும், இல்லையென்றால் ஒரு விடுதலையார்மேல் விழும்.

அடையாளம் காண்பது சுலபம். அவர் கையில் இருக்கும் மடிக்கணினி பதினைந்து வயதுக்குக் குறையாமல், செங்கல் கனத்தில் இருக்கும். ஏன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டீர்களா? போச்சு. உட்காருங்கள். கணினியின் பொத்தானை அழுத்தியதும் எல்லாருக்கும் முன்னால் கண்விழித்து மற்ற உறுப்புகளுக்கெல்லாம் சுப்ரபாதம் பாடி எழுப்புகிற குட்டி நிரல் ஒன்று எட்டுக் காலுள்ள ஒரு சிப்புக்குள் குடியிருக்கிறது என்றும், அந்தப் பாட்டைக் கம்பெனிக்காரன் எழுதிப் பூட்டிவிட்டான், உள்ளே அவன் வாழ்த்துகிறானா வைகிறானா என்று யாருக்கும் தெரியாது என்றும், அதை அழித்துவிட்டு எவரும் படிக்கலாம் எவரும் திருத்தலாம் என்று திறந்துவைத்த பாட்டை அங்கே எழுதி, அதன்மேல் அதே குணமுள்ள கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால்தான் கணினி மனிதனுக்குச் சொந்தம், அதுவரை மனிதன்தான் கணினிக்குச் சொந்தம் என்றும், புதுக் கணினிகளில் பூட்டு லேசில் உடையாது, அதனால்தான் இந்தச் செங்கல் என்றும் அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் காப்பி ஆறியிருக்கும், டிராம் போயிருக்கும்.

சொல்வது பொய்யா? அதுதான் கொடுமை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

இரண்டாவது அடையாளம் இன்னும் அழகு. செங்கலைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு சொட்டு மினுமினுப்பு நகப்பூச்சு இருக்கும். யாராவது ரகசியமாகத் திறந்தால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுக்குமாம். அதைப் படம் எடுத்துவைத்து, வாரம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார்.

நம் ஆர்னோ டீர்க்ஸ் அப்படிப்பட்டவர். வயது ஐம்பத்து மூன்று. பகலில் குடிநீர் மீட்டர் சோதிப்பவர். வியாழக்கிழமை மாலைகளில் நிலவறைச் சங்கம் ஒன்றில், தன்னைப் போன்ற பதினோரு பேரோடு சிப்புக்குள் புதுப் பாட்டை ஏற்றுகிற கிளிப்பை மாட்டுபவர். மாட்டும்போது அவர் கை நடுங்காது. திருமணத்தன்று மோதிரம் மாட்டும்போது நடுங்கியது.

"என் நெயில் பாலிஷ் எங்க?" என்று மனைவி வீப்கே மாதம் ஒருமுறை கேட்பார்.

"எதிரி திறந்தா தெரியணுமில்ல?"

"யாருப்பா எதிரி? நீ மீட்டர்ல எத்தனை குறிச்சேன்னு தெரிஞ்சுக்க எவன் நம்ம வீட்டுச் சுவரேறிக் குதிக்கப் போறான்?"

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கறாங்க, வீப்கே," என்பார் ஆர்னோ. அந்தக் குரலில் உலகத்தின் சோகம் முழுவதும் இருக்கும்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் விடுதலை கிடைத்தாகிவிட்டது. கணினியின் கம்பியில்லா இணைப்பு அட்டைக்குப் பூட்டிய நிரல் வேண்டும் என்பதால் அது குப்பைக்குப் போய், வரவேற்பறை முழுக்கப் பதினைந்து மீட்டர் நீலக் கேபிள் ஓடுகிறது. விருந்தினர்கள் அதில் தடுக்கி விழுந்து அப்படியே சோபாவில் உட்காருகிறார்கள். ஆர்னோவின் கைபேசியும் விடுதலை பெற்றது. அன்றுமுதல் அது பேசுவதில்லை. மகள் ஃபென்யா தன் மடிக்கணினியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஹாம்பர்க்கில் வேலை தேடிக்கொண்டாள் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. வீப்கேயின் மடிக்கணினி. திருமண நாளுக்கு ஆர்னோவே வாங்கித் தந்த பழைய செங்கல்தான். உள்நோக்கத்தோடு வாங்கித் தந்தது. வீப்கே நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார், மூன்று வருடமாகத் தொடவிடவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆர்னோ அதைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, சிறைக் கம்பிக்குப் பின்னால் நிற்கும் காதலியைப் பார்க்கும் பார்வை.

இப்படி இருக்கையில்தான் வீப்கேயின் பேரிக்காய் மரத்துக்கு ஆபத்து வந்தது.

ஊருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி, தோட்டச் சங்கம் ஒன்று உண்டு. ஆளுக்கொரு துண்டு நிலம், ஆளுக்கொரு மரக்குடிசை, எல்லாருக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு பக்க விதிப்புத்தகம். ஃபென்யா பிறந்த வாரம் வீப்கே தன் துண்டில் ஒரு பேரிக்கன்று நட்டார். கன்றும் குழந்தையும் சேர்ந்து வளர்ந்தன. குழந்தை ஹாம்பர்க் போனது, மரம் போகவில்லை. ஆறு மீட்டர் உயரத்தில் அங்கேயே நின்று, ஆகஸ்டில் மடி நிறையக் கொடுத்தது. விதிப்புத்தகத்தின் இருபத்தேழாம் பக்கமோ நான்கு மீட்டருக்கு மேல் மரம் கூடாது என்கிறது. இத்தனை வருடம் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. இந்த வருடம் ஹின்ரிக்ஸ் புரட்டினார்.

ஹின்ரிக்ஸ் யார்? எட்டாம் எண் துண்டுக்காரர். தனிக்கட்டை. செடிகளுக்கிடையே உள்ள தூரத்தை அளவுகோல் வைத்து அளப்பவர். தலைவர் தேர்தலில் நிற்கிறார். "நான் ஜெயிச்சா மறுவாரமே மரம் வெட்டற ஆளு வருவான், டீர்க்ஸ் அம்மா. விதி விதிதான்," என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார்.

அன்றே வீப்கே தானும் தேர்தலில் நிற்பதாகப் பெயர் கொடுத்தார். ஆனால் பழுதான தண்ணீர்ப் பம்பைத் தானே சரிசெய்து தருவதாக ஹின்ரிக்ஸ் வாக்குக் கொடுத்திருந்ததால், சங்கத்தில் பாதிக்கு மேல் அவர் பக்கம். வீப்கேயின் ஒரே ஆயுதம் நாற்பத்து மூன்று படங்கள். பூத்த மரம், காய்த்த மரம், கிளையில் தொங்கும் ஃபென்யா. எல்லாம் அந்த மடிக்கணினியில்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்தல். அன்று காலை ஒன்பது மணிக்கு, வீப்கே மடிக்கணினியை மேசைமேல் தள்ளினார்.

"இந்தா. விடுதலை பண்ணு."

ஆர்னோவின் கையிலிருந்த ரொட்டி, வெண்ணெய்ப் பக்கம் கீழாகத் தட்டில் விழுந்தது. "இன்னிக்கா?"

"ஏன், இன்னிக்கு நாள் நல்லா இல்லையா?"

"படமெல்லாம்?"

"தனியா நகல் எடுத்து வெச்சிருக்கேன். நீ பண்ணு."

"வீப்கே..." என்றார் ஆர்னோ. இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு காலை வரும் என்று அவர் கனவிலும் நினைத்தாரா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருப்புளி எடுக்க ஓடினார். நீலக் கேபிள் தடுக்கியது. எழுந்து மறுபடி ஓடினார்.

மணி பத்துக்கு மூடி திறந்தது. பத்தரைக்கு எட்டுக்கால் சிப்பில் கிளிப் கவ்வியது. பழைய பாட்டை இரண்டு தரம் படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, புதுப் பாட்டை எழுதினார். பதினொன்றரைக்கு மூடியை மாட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. விடுதலையார் எவருக்கும் மிஞ்சாமல் இருந்ததில்லை, அதனால் கவலைப்படவில்லை. கட்டற்ற இயங்குதளத்தை நிறுவி, படங்களை ஏற்றி, இடையில் ஏதாவது சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ள நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேட்டையும் பத்திரமாக ஓரிடத்தில் சேமித்தார். எங்கே? அதே மடிக்கணினியில்.

பிறகு அணைத்து, மறுபடி போட்டார்.

கருந்திரை. அதில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, மூச்சு வாங்குவதுபோல் சிமிட்டிக்கொண்டு நின்றது.

நடந்தது இதுதான். கண்விழித்த புதுப் பாட்டுக்காரர் யாரை எழுப்ப வேண்டும் என்று எழுதிவைத்த இயங்குதளப் பட்டியல் கோப்பை ஓரிடத்தில் தேடினார். நிறுவிய நிரல் அதை இன்னோரிடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தது. கோப்பு கிடைக்காத பாட்டுக்காரர், "யாரை எழுப்பணும், நீயே சொல்லு," என்று கோடு சிமிட்டிக் காத்திருக்கிறார். எந்த வட்டு, எந்தப் பகுதி, எந்தக் கோப்பு என்று ஆர்னோ தட்டச்சுச் செய்து சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பது கையேட்டின் எழுபதாம் பக்கத்தில் இருக்கிறது. கையேடு தூங்குகிறவரின் தலையணைக்கடியில் இருக்கிறது. இணையத்தில் தேடலாம் என்றால், காலையில் தடுக்கியபோதே நீலக் கேபிள் பிய்ந்துவிட்டது.

"ஆச்சா?" என்று கேட்டார் வீப்கே, இரண்டு மணிக்கு, வெண்ணெய்க் கேக்கைத் துணியால் மூடியபடி.

"அநேகமா ஆச்சு," என்றார் ஆர்னோ. விடுதலையார் அகராதியில் இதற்கு 'இல்லை' என்று பொருள்.

சங்கக் கூடத்தில் அறுபது பேர் காப்பியும் கேக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். தேர்தலை நடத்துபவர் ஓல்ட்மன் அம்மா. முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது டிராம் மணியையும் கேட்டு வாங்கிக்கொண்டவர். "விதி எல்லாருக்கும் தெரியும்ல? பேரைக் கூப்பிட்டு மூணு தரம் மணி அடிப்பேன். வந்து நின்னா வேட்பாளர். வரலைன்னா வண்டி கெளம்பிடும். அப்புறம் ஓடிவந்து கதவைத் தட்டக் கூடாது."

கூடத்துக்குப் பின்னால் கருவிகள் வைக்கும் அறையில், புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஆர்னோ வியர்த்துக்கொண்டிருந்தார். பேரிமரம் அவர் கண்முன் நின்றது. கிளையில் ஐந்து வயது ஃபென்யா. 'அப்பா, வெட்டப் போறாங்களாப்பா?' என்கிறாள். ஆர்னோ ஏதோ தட்டினார். கோடு சிமிட்டியது. வேறேதோ தட்டினார். கோடு அதையும் கேட்டுக்கொண்டு சிமிட்டியது.

கதவு திறந்தது. மண்வெட்டி வைக்க வந்த ஹின்ரிக்ஸ்.

பகைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஹின்ரிக்ஸின் பார்வை மெல்ல இறங்கி, கருந்திரையில் நின்றது. அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"எட்டுக்கால் சிப்பா?" என்றார், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு.

"ஆமா."

"கிளிப்பா, ஒட்டவெச்சீங்களா?"

"கிளிப்தான்."

"பட்டியல் கோப்பு கெடைக்கல, அதானே? நகருங்க." ஹின்ரிக்ஸ் தரையில் மண்டியிட்டார். "முதல்ல எத்தனை வட்டு இருக்குன்னு கேளுங்க. கேட்டா சொல்லும். பாவம், அதுக்கு வஞ்சனை தெரியாது."

கூடத்தில் மணி மூன்று தரம் அடித்தது. வீப்கேயின் பெயர். ஆர்னோ ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எழுந்திருக்கப் பார்த்தார். அப்போது ஹின்ரிக்ஸ், "ப்ராசஸருக்குக் கம்பெனிக்காரன் பூட்டித் தர்ற திருத்தத்தை நான் அப்படியே விட்டுடுவேன். ஒரு துளிதானே?" என்றார்.

ஆர்னோ உட்கார்ந்துவிட்டார். "ஒரு துளியா? பால் குடத்துல ஒரு துளி விஷம்னா குடிப்பீங்களா?"

"துளி இல்லன்னா குடமே உடையுமே ஐயா!"

"உடையட்டும்! சுத்தமா உடையட்டும்!"

யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடியவர்கள் இந்த இருவரைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டு யானையைக் காட்டுக்கே அனுப்பியிருப்பார்கள். வெளியே மணி அடித்தது. "ஹின்ரிக்ஸ் ஐயா!" மறுபடி அடித்தது. "பகுதி இரண்டுல பாருங்க, இரண்டுல!" என்றார் ஹின்ரிக்ஸ் ஐயா. மூன்றாம் மணியும் அடித்தது. வண்டி கிளம்பியது.

இருபது நிமிடம் கழித்து, சிமிட்டிய கோடு மறைந்து எழுத்துகள் அருவியாய்க் கொட்டி, திரையில் பூத்த பேரிமரம் வந்து நின்றபோது, இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். அழுதார்கள் என்று சொல்ல மாட்டேன். பறந்த தூசி கண்ணில் விழுந்தது. மடிக்கணினியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அவர்கள் கூடத்துக்குள் நுழையவும், கூடமே எழுந்து கைதட்டவும் சரியாக இருந்தது.

ஹின்ரிக்ஸ் குனிந்து வணங்கினார். "நான் என்ன செஞ்சேன், பகுதி எண்ணை மட்டுந்தான் சொன்னேன்," என்றார் அடக்கத்தோடு.

"உக்காருப்பா," என்றார் ஓல்ட்மன் அம்மா. "கைதட்டு உனக்கில்ல. வீப்கே ஜெயிச்சாச்சு. எதிர்த்து நிக்க ஆளில்ல. கேக் கூடத் தீர்ந்துபோச்சு."

ஹின்ரிக்ஸின் முகம் விழுந்தது. கேக்குக்கா தலைவர் பதவிக்கா என்று சொல்ல முடியவில்லை. வீப்கே அவருக்கென்று மூடிவைத்திருந்த ஒரு துண்டை நீட்டினார். "பம்பை மட்டும் சரிபண்ணிக் குடுத்துடுங்க. இருபத்தேழாம் பக்கத்தை அடுத்த கூட்டத்துல பேசித் திருத்திக்கலாம். எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம், இல்லையா?"

மாலையில் பேரிமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ஆர்னோ தலை குனிந்து சொன்னார்: "மன்னிச்சுடு வீப்கே. படம் இல்லாம நீ எப்படிப் பேசின?"

வீப்கே பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். நாலு வரி. எழுதிய தேதி போன செவ்வாய்க்கிழமை.

"அப்போ லேப்டாப்?"

"போன மாசம் வேலி வெட்டற கத்திரி இரவல் வாங்க ஹின்ரிக்ஸ் குடிசைக்குப் போனேன். மேசை மேல செங்கல் ஒண்ணு குப்புறக் கெடந்துச்சு. திருகாணி பூரா நெயில் பாலிஷ், ஊதா கலர். கல்யாணம் ஆகாத மனுஷன், பொம்பள வாசனையே இல்லாத வீடு. எனக்குப் புரியாதா? இருபத்தாறு வருஷமா அந்த வியாதியோடதானே குடித்தனம் பண்றேன்." வீப்கே கைநீட்டி ஒரு காயைப் பறித்து, ஏப்ரனில் துடைத்தார். "மண்வெட்டிய அந்த ரூம்ல வைக்கச் சொன்னதும் நான்தான்."

ஆர்னோ தலையை நிமிர்த்தினார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஊதால மினுமினுப்பு இருந்துச்சா? இல்லன்னா அது செல்லாதே."

சிரிக்கிறீர்களா, வாசகர்களே? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். வீப்கே ஜெயிப்பாரா, மரம் பிழைக்குமா என்று ஊரே பதைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அந்தப் பட்டியல் கோப்பை எந்தப் பகுதியில் வைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்று உங்கள் மனம் ஒரு மூலையில் கணக்குப் போட்டதா? காலையில் மிஞ்சிய அந்தத் திருகாணி எந்த ஓட்டைக்கு உரியது என்று இப்போதும் உறுத்துகிறதா?

அப்படியென்றால், உங்கள் வீட்டு நகப்பூச்சைப் பூட்டி வைக்கச் சொல்லி உங்கள் வீட்டாருக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.