சாஞ்சியில் நடை திறக்கக் காத்திருந்த கதை

வரலாற்று வாத்தியாரைக் கட்டிக்கொண்டவளுக்குத் தேன்நிலவு கிடையாது, இடிபாடுகள்தான். எண்பதுகளில் கல்யாணமான கையோடு என்னை மண்டகப்பட்டுக்கு சைக்கிளில் கூட்டிப்போய், கருவறையில் சாமியே இல்லாத குகைக்கோயிலைக் காட்டினார் என் வீட்டுக்காரர். (அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.) அடுத்தது சாஞ்சி. விழுப்புரத்தில் ரயிலேறினால் அது போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கூடவே மாமியார்!

மாமியாருக்கு ஒரு சட்டம் உண்டு. கோயிலுக்குப் போனால், சாமி பார்க்கும்வரை யாரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. "புத்தர் கோயில்" என்று சொல்லித்தான் பிள்ளை அவரை அழைத்து வந்திருந்தார். புளிச்சோற்றுத் தூக்கு என் கையில். வாசனை வேறு ஆளைக் கொன்றது.

ஸ்தூபி கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. உள்ளே முழுக்கச் செங்கல், நுழைய வழியே இல்லை. மாமியார் சுற்றிச் சுற்றி வந்து கதவைத் தேடினார். சுவரோரம் ஒரு புத்தர் உட்கார்ந்திருந்தார்.

"இதோ சாமி அத்தை! கும்பிட்டுட்டு சாப்பிடலாங்க."

"இது சுத்துல இருக்குற சாமிடி. மூலவரு உள்ள இருப்பாரு. நடை சாத்திக்கினு போயிட்டாங்க. சாயங்காலம் தொறப்பாங்க, குந்து."

குந்தினேன், வெயிலில்! எல்லாம் தெரிந்த வாத்தியாரோ தோரணவாயிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் போய் யானைச் சிற்பங்களை ரசித்துவிட்டு வந்தார்.

"கதவே இல்லன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று பல்லைக் கடித்தேன்.

"அம்மா மனசு நோவும். கொஞ்சம் பொறுத்துக்க."

பசி பொறுக்கிற விஷயமா? வகுப்பில் அத்தனை பிள்ளைகளை அதட்டுகிற ஆம்பிளை!

பொழுது சாய்ந்தது. காவலாளி விசில் ஊதி எல்லாரையும் வெளியேறச் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தை, அதுக்கு உள்ளயே கெடையாது! முழுக்க செங்கல்லு! உங்க புள்ளைக்குக் காலையிலயே தெரியும்!"

மாமியார் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் புடைத்திருந்த பிள்ளையின் சட்டைப்பையில் கையைவிட்டார். வந்தது ஒரு கைப்பிடி மல்லாட்டைத் தோல்! வேர்க்கடலையை வீட்டிலிருந்தே வறுத்துக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷர். ஒரு கொட்டைகூட எனக்குத் தரத் தோன்றவில்லையே, பாவி!

"இவனுக்குச் சோறு கெடையாது. நீ துன்னுடி" என்று மாமியார் தூக்கைத் திறந்தார். வாழ்க்கையில் நாங்கள் இருவரும் முதல்முறையாக ஒரே கட்சியானது அன்றுதான்.

அதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குக் கிளம்பினாலும், மாமியார் இருந்தவரை வாசலிலேயே பிள்ளையை நிறுத்திச் சட்டைப்பையைச் சோதித்துத்தான் அனுப்புவார். அப்புறம் நான் சோதித்தேன். இப்போது எங்கள் மருமகள் சோதிக்கிறாள்.