வெள்ளக்கடை நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய படலம்

வெங்காய விதை முளைத்துத் தலை காட்டிய பிறகு அதற்கு என்ன தேவை என்பதில் இரண்டு தரப்பு உண்டு. ஒரு தரப்பு வெங்காயம். மறு தரப்பு அரசாங்கத்தின் நாற்று நல இயக்கம். வெங்காயத்துக்கு அலுவலகம் கிடையாது, ஜீப் கிடையாது, ரப்பர் ஸ்டாம்பும் கிடையாது. ஆகவே அதன் கருத்தை யாரும் கேட்டுப் பெறவில்லை.

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைக்குப் பக்கத்தில் மரியபுஷ்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வருஷா வருஷம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து இடுப்பொடிந்த மனுஷி. இந்த வருஷம் கூலிக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் போய், "இனிமே வரலீங்க, சொந்தத்துல வெங்காயம் போடப் போறேனுங்க" என்று சொல்லிவிட்டாள். "வெங்காயம் வரலைன்னா இங்கதானே வந்து நிப்பே" என்றார் ரைட்டர். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்று பிழைத்தால் அவள் விவசாயி, செத்தால் மறுபடி இடுப்பில் கூடை. விஷயம் அவ்வளவுதான்.

இயக்கத்தின் அலுவலர் விஜயகுமார் நல்ல பிள்ளை. விவசாயம் படித்தவர், படித்ததை மறக்காதவர். பயிற்சி வகுப்பில் அவரே அழகாகச் சொன்னார்: "முளைச்சதும் வைக்கோல் மூடாக்கை எடுத்துடுங்க. களையைக் கையால பறிங்க. மேல்மண்ணு காஞ்சா மட்டும் பூவாளியில லேசாத் தண்ணி தெளிங்க. மிஞ்சிப் போச்சுன்னா தண்டு அடியில அழுகி, நாத்து அப்படியே சாஞ்சுடும்." மரியபுஷ்பம் அப்படியே செய்தாள். பாத்தி முழுக்கப் பச்சை நூல் நூலாக எழுந்து நின்றது. விஜயகுமார் வந்து பார்த்தார். மனம் குளிர்ந்தார். அதை மாதிரி நாற்றங்காலாக அறிவித்துவிட்டார். கெட்ட காலம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

முதலில் பலகை வந்தது. எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதால் பாத்தியின் நடுவிலேயே குழி பறித்து நட்டார்கள். குழிக்குப் போன நாற்று போனதுதான். பலகை நன்றாக வேர் பிடித்தது.

மறுநாள் விஜயகுமார் போனோடு வந்தார்.

"பராமரிப்புப் படம் ஒண்ணு ஏத்தணும்மா. பூவாளியைக் கொண்டாங்க."

"ஏனுங்க சார், மண்ணு இன்னும் ஈரமாத்தான இருக்குது. காஞ்சாத்தான் ஊத்தோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அது பயிற்சி. இது பராமரிப்பு."

"இன்னைக்குச் சும்மா உடறதுதானுங்க பராமரிப்பு."

விஜயகுமார் உண்மையாகவே யோசித்தார். "வாஸ்தவம்தான். ஆனா சும்மா விடறதை எப்படிம்மா போட்டோ எடுக்கிறது?"

அவள் பூவாளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சும்மா விடுவதைப் படம் எடுக்கும் வித்தை இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. விஜயகுமார் தண்ணீர் ஊற்றினார், படம் எடுத்தார், ஏற்றினார்.

படம் மேலே போனது. மேலே இருந்தவர்களுக்குக் கீழே வர ஆசை வந்தது. சேலத்து வெயிலில் வெந்துகொண்டிருந்தவர்களுக்கு ஏற்காட்டுக் குளிரில் ஒரு களப்பணி கிடைத்தால் கசக்குமா? வந்தவர்கள் எல்லாம் பூவாளி கேட்டார்கள். ஊற்றும் தண்ணீர் பதவியைப் பொறுத்தது. எழுத்தர்கள் பயந்து பயந்து தெளித்தார்கள். கண்காணிப்பாளர் தாராளமாக ஊற்றினார். கண்காணிப்பாளருக்கும் மேலே உள்ளவர், கண்காணிப்பாளரை விடக் குறைத்தா ஊற்ற முடியும்?

இதைக் கேள்விப்பட்டு ஒரு ரிசார்ட்டும் தன் விருந்தாளிகளை வேனில் ஏற்றி அனுப்பியது. இப்போது அதுதான் மோஸ்தர். பெங்களூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சம்பாதிப்பவர்கள், வார இறுதியில் ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு மண்ணைத் தொட்டுவிட்டுப் போனால் மனசு சுத்தமாகிறதாம். அதில் ஒரு பெண் குனிந்து நாற்றோடு ஐந்து நிமிஷம் கொஞ்சிப் பேசினாள். நின்றிருந்த இடம் இன்னொரு நாற்றின் மேல். போகும்போது மறக்காமல் தண்ணீரும் ஊற்றினாள்.

கடைசியாக மண்டலத் தலைவர் சந்திரசேகர் வந்தார். அன்றைக்கு நல்ல மழை.

"சார், மழை பெய்யுதுங்க" என்றாள் மரியபுஷ்பம்.

"தெரியுதும்மா. அதனாலதானே குடை."

"வானத்துலருந்தே ஊத்துதுங்க. இதுக்கு மேல நாத்து தாங்காதுங்க."

"மழை இயற்கை. இது திட்டம். நாளைக்கு மேலிடத்துல கேட்டா மழையைக் கொண்டுபோய் நிறுத்த முடியுமா?"

அவள் அவர் பக்கம் நெருங்கி மெதுவாகச் சொன்னாள்: "அப்படின்னா வெறும் பூவாளியைச் சாச்சுப் புடிங்க சார். படத்துல தண்ணி மாதிரியே தெரியும். மழை இருக்குதில்லீங்களா?"

சந்திரசேகரின் முகம் கறுத்தது. "ஏம்மா, பொய்ப் படம் எடுக்கச் சொல்றியா? என் சர்வீஸ்ல இன்னைக்கு வரைக்கும் செய்யாத வேலையைச் செஞ்சதா நான் காட்டினதில்ல."

நேர்மையான மனிதர். விஜயகுமார் குடை பிடிக்க, கொட்டும் மழையில் பூவாளி காலியாகும்வரை ஊற்றினார். கூட வந்தவர்கள் அந்த நேர்மையை மெச்சிக் கை தட்டினார்கள்.

அந்த வாரமே நாற்று சாய ஆரம்பித்தது. அடித்தண்டு மெலிந்து, நைந்து, திட்டுத் திட்டாகப் படுத்துக்கொண்டது. ஒரு மாசம் கழித்துக் காரணம் கண்டுபிடிக்கக் குழு வந்தது. குழு பாத்தியைச் சுற்றி நடந்தது, முகர்ந்து பார்த்தது, மரியபுஷ்பம் வீட்டில் டீ குடித்தது. 'போதிய கவனிப்பின்மையே காரணம்' என்று ஒருமனதாக முடிவு செய்தது. முடிவை உடனே அமல்படுத்தும் வகையில் குழுவில் இருந்த எல்லோரும் தண்ணீர் ஊற்றினார்கள்.

குழு போனதும் விஜயகுமார் மட்டும் நின்றார்.

"அழுகல்தாம்மா. தண்ணி மிஞ்சிப் போச்சு."

"யாருங்க சார் ஊத்துனது?"

அவர் பலகையைப் பார்த்தார். பாத்தியில் நேராக நின்றது இப்போது அது ஒன்றுதான்.

மரியபுஷ்பம் அழவில்லை. அழாததற்குக் காரணம் இருந்தது. முதல் படம் எடுத்த அன்றே அவளுக்கு நிலைமை புரிந்துவிட்டது. மிச்ச விதையை வீட்டுக்குப் பின்னால், குளியலறைத் தட்டிக்கு மறைவாக, யாருக்கும் தெரியாமல் விதைத்துவிட்டாள். எந்த அதிகாரியும் அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போக மாட்டார் என்பது அவள் கணக்கு. களை பறித்தாள், காய்ந்தபோது தெளித்தாள், மற்ற நேரம் சும்மா விட்டாள். ஒரு மேலதிகாரியும் எட்டிப் பார்க்காததால் நாற்று கம்பி கம்பியாக வளர்ந்து நடவுக்கே வந்துவிட்டது. புருஷன் மனுவேலிடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் சொல்வதில்லை என்று மாதா மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

மனுவேல் ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் வண்டி ரிப்பேர் பார்ப்பவர். டீக்கடையில் நாலு பேர், "என்ன மனுவேலு, கவருமெண்டு வெங்காயம் அழுகிப் போச்சாமா?" என்று சிரித்தார்கள். மனுவேல் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். வாயைத் திறக்கவில்லை. போனைத் திறந்தார்.

விடிந்ததும் வாசலில் ஜீப் வரிசை.

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கினேனில்லீங்க?" என்றாள் மரியபுஷ்பம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எங்க புள்ள சொன்னேன்? ஸ்டேட்டஸ்தான் வெச்சேன்."

சந்திரசேகர் குளியலறைத் தட்டியைத் தாண்டி வந்து நாற்றைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இயக்கம் ஜெயிச்சிருச்சுப்பா விஜயகுமார்" என்றார். பிறகு கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். "இந்தப் பாத்திக்கு நாம யாரும் தண்ணி ஊத்தக் கூடாது."

மரியபுஷ்பத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பெண் விவசாயி கையாலதான் ஊத்தணும். நம்ம இயக்கத்தோட ஆண்டு மலருக்கு அட்டைப் படம்."

"மண்ணு நொம்ப ஈரமா இருக்குதுங்க சார். நாளைக்கு நடவுங்க" என்றாள்.

"அட்டைப் படம்மா" என்றார் அவர் மறுபடி.

வேலியோரம் ஊரே போனோடு நின்றது. பக்கத்து வீட்டு ராசாத்தி எட்டிச் சொன்னாள்: "போக்கா, சும்மா நிக்கறே. எஸ்டேட்டுல ரைட்டரு மொதக்கொண்டு அத்தன பேரும் பாப்பாங்கல்ல."

மரியபுஷ்பம் நாற்றைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். ஒளித்து வைத்த விதையைப் போல இவளும் ஒளிந்துகொண்டாள் என்றே விஜயகுமார் நினைத்தார், நாற்று தப்பித்தது என்று உள்ளுக்குள் சந்தோஷமும் பட்டார். அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக் கட்டும் பட்டுச் சேலையோடு வெளியே வந்தாள். பவுடர் கூடப் போட்டிருந்தாள்.

பூவாளியை வாங்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நிறைய ஊற்றினாள். படம் எடுத்தார்கள். வேலியோரம் கை தட்டினார்கள். அவள் போனை வாங்கிப் பார்த்தாள்.

"கண்ணு மூடியிருக்குதுங்க சார்" என்றாள். "இன்னொருக்கா ஊத்தட்டுங்களா?"

மனுவேல் பூவாளியை நிரப்ப ஓடினார்.