நூற்றொன்றில் சிக்கியவர்

"நூத்தொண்ணு."

லிஃப்ட்காரர் இறங்கினார். எடை மெஷினைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு மறுபடி ஏறினார்.

"நூத்தொண்ணு."

கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். மூக்குக் கண்ணாடியையும் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் எண் தெரியவில்லை. "ஏம்மா, இங்க வந்து பார்த்துச் சொல்லு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்தாள். "நூத்தொண்ணு. நல்ல ராசியான நம்பர்தானே?"

"ராசி பார்த்து வாங்க நான் என்ன லாட்டரிச் சீட்டா வாங்கறேன்?"

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இருபது வருடமாக லிஃப்ட் ஓடும் குழிக்குள் பெல்ட் கட்டித் தொங்கி ரிப்பேர் பார்த்தவர் அவர். சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். போன வருடம் கம்பெனியில் திடீரென்று ஒரு விதி முளைத்தது. நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் பெல்ட் கட்டக் கூடாது. கம்பெனி முழுக்கத் தேடினாலும் நூறு கிலோவுக்கு மேல் இருந்தவர் இவர் ஒருவர்தான். அதுவும் ஒன்றிரண்டு கிலோ இல்லை, முப்பதுக்கு மேலே.

முதலாளி வேறு யாரும் இல்லை, மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்தான். "நான் என்ன மாப்ளே பண்ணட்டும்? இன்சூரன்ஸ்காரன் ஒத்தைக்கால்ல நிக்கிறான்" என்று கையை விரித்துவிட்டு, அவரைப் போன் மேஜைக்குத் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. "சார், லிஃப்ட் மூணாவது மாடியில நின்னுடுச்சு" என்று யாராவது அழுவார்கள். "கதவை இழுக்காதீங்க, ஆள் வருது" என்று இவர் சொல்வார். பிறகு 'ஒல்லி' என்று எல்லோரும் கூப்பிடும் ஜூனியர் போய், கால் மணி நேர வேலையை அரை நாள் தடவிக்கொண்டிருப்பான். இவர் போனைப் பிடித்தபடி பல்லைக் கடிப்பார்.

பல்லைக் கடித்துக் கடித்துத்தான் ஆபரேஷனுக்குத் துணிந்தார். மனைவி அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. டாக்டர் அவர் வயிற்றை வாழைப்பழம் அளவுக்குச் சுருக்கித் தைத்தார். எடை மளமளவென்று இறங்கியது. நூற்றொன்றுக்கு வந்ததும் நின்றது. ஒன்றரை மாதமாக அங்கேயே நிற்கிறது. ஊரார் லிஃப்டையெல்லாம் இறக்கிவிட்டவருக்குத் தன் உடம்பில் ஒரு கிலோவை இறக்க வழி தெரியவில்லை.

"குறைச்சுச் சாப்பிட்டா குறையும்" என்று அவராகவே முடிவு கட்டினார். ஏற்கெனவே சாப்பிடுவதே கோழிக்குஞ்சுச் சாப்பாடு. அதிலும் பாதியை ஒதுக்கினார். விளைவு, மதியம் போன் மேஜையிலேயே கண் சொருகியது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர் "காப்பாத்துங்க" என்று கதற, "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

டயட்டீஷியன் அம்மாள் அவரை ஒரு பிடி பிடித்தாள். "பட்டினி போட்டா உடம்பு பயந்துபோய் இருக்கறதையும் இறுக்கிப் பிடிச்சுக்கும் சார். முட்டை, மீன், பருப்புன்னு சத்தா சாப்பிடுங்க. தண்ணி குடிங்க. உடம்பை அசைங்க. இப்படி ஒரு இடத்துல நிக்கறது எல்லாருக்கும் வர்றதுதான்."

"எல்லாரும் சரியா ஒரு கிலோ மேலயா போய் நிக்கறாங்க?"

"தினமும் மெஷின்ல ஏறாதீங்க. அதுதான் உங்க வியாதியே."

மறுநாள் முட்டை சாப்பிட்டார். அதற்கடுத்த நாள் மெஷின் நூற்றிரண்டு காட்டியது. முட்டையை வைத்து டயட்டீஷியனைத் திட்டினார், டயட்டீஷியனை வைத்து மனைவியைத் திட்டினார்.

சரி, உடம்பை அசைக்கலாம் என்று மாடிப்படி ஏறத் தொடங்கினார். வீடு ஆறாவது மாடியில். கட்டடத்தின் லிஃப்ட் அவர் கம்பெனி போட்டது. ஆபரேஷன் விஷயம் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள் என்று மூடி வைத்திருந்தார்.

நான்காவது மாடியில் ரிட்டயர்டு டீச்சர் வழி மறித்தாள். "என்ன, லிஃப்ட்காரரே படியில ஏறுறாரு?"

"சும்மாதான்."

"லிஃப்ட் நல்லாத்தானே இருக்கு?"

"அதுக்கென்ன, அருமையா இருக்கு."

"அப்போ நீங்க ஏன் ஏறலை?"

மூச்சு வாங்கியதில் அவருக்குப் பேச்சு வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, 'வேண்டாம்' என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு மேலே போனார்.

அது போதாதா? பூசணிக்காய் அளவுக்கு ஒரு ரகசியத்தை லிஃப்ட்காரர் மறைக்கிறார் என்று சாயங்காலத்துக்குள் பேச்சு பரவியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டும், பையைச் சுமந்துகொண்டும், முட்டியைப் பிடித்துக்கொண்டும் கட்டடமே படியில் ஏறியது.

மறுநாள் காலை போன் அடித்தது. கட்டடத்தின் செகரட்டரி.

"ஹலோ, லிஃப்ட் கம்பெனியா? உங்க ஆள் ஒருத்தரே எங்க லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறார் சார்! அவர் எதை மறைக்கறார், என்ன விஷயம்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

லிஃப்ட்காரர் குரலை மாற்றிக்கொண்டார். "விசாரிக்கறோம் சார்."

விசாரித்துத் தொலைக்க வேண்டியவரும் அவரே என்பதால், அன்று சாயங்காலம் செகரட்டரியையும் டீச்சரையும் இன்னும் நாலைந்து பேரையும் கீழே கூட்டினார். "வாங்க, என்கூடவே ஏறுங்க. உங்க கண்ணு முன்னாடியே ஆறாவது மாடிக்குப் போய்ட்டு வருவோம்." தயங்கித் தயங்கி எல்லோரும் உள்ளே போனார்கள். கடைசியாக இவர் காலை வைத்தார்.

பாரம் கூடிவிட்டது என்று மணி அலறியது.

அத்தனை தலைகளும் இவர் பக்கம் திரும்பின. இவர் வெளியே வந்தார். மணி நின்றது. காலை வைத்தார். அலறியது.

"இதுதாங்க பாதுகாப்பு! கனம் அதிகமானா இப்படித்தான் அடிக்கணும்."

"கனமெல்லாம் இல்லை" என்றாள் டீச்சர். "தப்பு பண்ணின ஆளை அதுக்கு அடையாளம் தெரியுது."

எல்லோரும் வெளியே பாய்ந்தார்கள். வேறு கம்பெனியைப் பார்க்கப் போவதாகச் செகரட்டரி முதலாளிக்கே போன் போட்டார். முதலாளி அடித்துப் பிடித்து ஓடி வந்தார்.

"மாப்ளே, பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிச்சு வச்சிருக்கியே! இவங்களுக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் இவங்க சாமானெல்லாம் நீதான் மேலே தூக்கிட்டுப் போகணும்."

"மச்சான், நான் பெல்ட் கட்டினாத்தானே நாலு இடம் கழட்டிக் காட்டி..."

"வேலை நேரத்துல மச்சான் இல்லை. சார்."

தண்ணீர்க் கேன், மளிகைப் பை, மடக்குக் கட்டில் என்று எல்லாம் அவர் தோளில் ஏறின. டீச்சர் வீட்டுக்கு மட்டும் ஒரு நாளைக்கு நான்கு நடை. "கீழ இன்னும் ரெண்டு பை இருக்குப்பா" என்று சொல்வதை அவள் நிறுத்தவே இல்லை. தூக்கித் தூக்கிப் பசி எடுத்தது. டயட்டீஷியன் சொன்ன முட்டையையும் மீனையும் வேறு வழியில்லாமல் ஒழுங்காகச் சாப்பிட்டார். மெஷின் நூற்றொன்றிலேயே நின்றது.

ஒரு நாள் இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனோடு மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் பேன்ட் கழன்று கணுக்காலில் விழுந்தது. எதிரே டீச்சர். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கேனை முதல்ல கீழ வைப்பா" என்றாள்.

"நம்பர் இறங்கலைம்மா, பேன்ட் மட்டும் இறங்குது!" என்று டயட்டீஷியனிடம் போனில் கத்தினார்.

அவள் சிரித்தாள். "நல்ல சேதி சார்! கொழுப்பு போய்ச் சதை வச்சிருக்கு. இனி நம்பரும் தானா இறங்கும்."

"எனக்கு நல்ல சேதி வேண்டாம். தொண்ணூத்தொம்பது வேணும்!"

தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மனைவி மெதுவாகச் சொன்னாள். "போதுங்க. சுகர் போயிடுச்சு, மூச்சு வாங்கறது போயிடுச்சு. இதுக்கு மேல எதுக்கு? நீங்க அந்தப் போன் மேஜைக்குப் போனதுலேர்ந்துதான் நான் நிம்மதியா இருக்கேன்."

"நான் நிம்மதியா இல்லையே!" என்றார் அவர். "அந்தக் குழிக்குள்ள இருந்தாத்தான்டி நான் ஒரு மனுஷன். அந்த மேஜையில உட்கார்ந்து 'ஆள் வருது, ஆள் வருது'ன்னு சொல்றேனே, அந்த ஆள் நானா இருக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

அவள் கை நின்றது. இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றி மறுபடி தேய்த்தாள். அழுத்தித்தான் தேய்த்தாள்.

கட்டடத்துக்கு நம்பிக்கை வருவதற்கு முன்பே மெஷினுக்கு மனம் இரங்கிவிட்டது. ஒரு காலை நேரம் வீடு அதிரக் கத்தினார். "வாம்மா இங்க! பாரு!"

மனைவி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். தொண்ணூற்றொன்பது.

அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. இத்தனை நாள் இவளைத் திட்டித் தீர்த்தோமே என்று அவருக்கு மனசு கரைந்தது. "எனக்காக இவ்வளவு சந்தோஷப்படறியா நீ?" என்று அவள் தலையைத் தடவினார்.

"குளிச்சுட்டுக் கிளம்புங்க" என்றாள் அவள். "அண்ணன்கிட்ட நானே முதல்ல சொல்லிடறேன்." போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

கம்பெனிக்குள் கல்யாண மாப்பிள்ளை நடை நடந்து போனார். நேரே ஸ்டோர். கேபிள் நிறுக்கும் பெரிய தராசில், யாரும் சொல்லாமலே ஏறி நின்றார். தொண்ணூற்றொன்பது. பெல்ட்டுகளைக் கொடுத்து வாங்கும் ஸ்டோர்க்காரரிடம் கையை நீட்டினார்.

"எடு தம்பி, என் பெல்ட்டை."

ஸ்டோர்க்காரர் தலையைச் சொறிந்தார். "பெல்ட் கட்ட இப்போ தொண்ணூறு கிலோண்ணே. அதுக்கு மேல இருக்கறவங்களுக்குக் கொடுக்கக் கூடாதாம்."

"தொண்ணூறா? எப்போலேர்ந்து?"

"அரை மணி நேரமா."

லிஃப்ட்காரருக்கு உச்சந்தலை கொதித்தது. தராசை விட்டுக் குதித்தார். "அரை மணி நேரமாவா! மாசக்கணக்கா ஒரு கிலோவுக்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஊர் சாமானெல்லாம் சுமந்தேன், பேன்ட் அவுந்து நின்னேன்! அந்த இன்சூரன்ஸ்காரனுக்குக் குடும்பம் குட்டி இருக்கா இல்லையா? எவன்யா அவன்? நம்பரைக் கொடு, நானே நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

ஸ்டோர்க்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நம்பர் உங்ககிட்டயே இருக்குண்ணே, போன வருஷம் நூறுன்னு வைக்கச் சொல்லி அண்ணி இங்க நேர்ல வந்து அழுதாங்க, இந்தத் தடவை போன்லயே அழுதுட்டாங்க."