என் கால் படாத களிமண்

அவளுடைய களிமண்ணில் என் கால் மட்டும் படாது என்று சபதம் செய்திருந்தேன். மினசோட்டாவில் எங்கள் ஏரி வருஷா வருஷம் சுருங்குகிறது. மனுஷன் அதை என்ன பாடு படுத்துகிறான் என்று களிமண்ணில் காட்டப் போகிறாளாம் என் மனைவி மார்லிஸ். ஈரக் களிமண் பலகை மேல் பூட்ஸோடு நடக்கச் சொன்னாள். அதைச் சூளையில் சுட்டு, ஊர் நூலகத்தில் எல்லோரும் பார்க்க வைப்பாளாம். ஏரியைக் கெடுத்தவன் என்று நான் மானம் போய் நிற்பதா? முடியாது என்றேன். சரி என்று போய்விட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வந்தது வேறு சந்தேகம். மறுநாளிலிருந்து விடியுமுன் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினாள். என்னோடு மீன் பிடிக்க வரும்போது தலைகூட வாராதவள். கையில் காபி பிளாஸ்க், இரண்டு கப்.

"ரெண்டாவது கப் யாருக்கு?"

"தேவைப்படும்."

"அந்த நேரத்துல அங்க யாரு வருவா?"

"உனக்கெதுக்கு ஆர்வின்? நீ போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கு."

தூக்கமா வரும்? பக்கத்து வீட்டு டுவேன் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகக் கண். புதுப் படகு வாங்கியதிலிருந்து ரொம்பத்தான் சிரிக்கிறான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பின்னாலேயே போனேன். அந்தக் கரையில் ஒளிந்து பார்க்க நாணல் புதர் ஒன்றுதான் உண்டு. பூனைபோல நடந்து, சேற்றில் மண்டியிட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் வரவில்லை. தனியாக உட்கார்ந்து காபி குடித்தாள். என் மார்லிஸ் தங்கம். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்காட்சியில் சுட்ட பலகைகள் வரிசையாக இருந்தன. தண்ணீர் குடிக்க வந்த நாரையின் தடம், மானின் தடம், குஞ்சுகளோடு ஒரு வாத்தின் தடம். கடைசிப் பலகையில் நுனிக்காலில் வந்த பூட்ஸ், இரண்டு முழங்கால் குழி, திரும்பிப் போன பூட்ஸ். கீழே அவள் கையெழுத்து: 'இது வந்து போன பிறகு வேறு எதுவும் வரவில்லை.'

டுவேன் குனிந்து பார்த்தான். "இடது குதிகால்ல வெட்டு இருக்கே. ஆர்வின், இது உன் பூட்ஸ்தானே?"

மார்லிஸைத் தனியே இழுத்துப்போய், அந்த இரண்டாவது கப் யாருக்கு என்று மறுபடியும் கேட்டேன்.

"நாணல் புதருக்குள்ள நான் விரிச்ச களிமண் காயாம தண்ணி தெளிக்கத்தான். நீ வந்து சேர இவ்வளவு நாளாகும்னு நான் நினைக்கல."